மாமியாரை ஆடிக் காட்ட முடியுமா?

1611ஆம் ஆண்டு மே 15 அன்று லண்டன் குளோப் அரங்கில் ஷேக்ஸ்பியரின் 'வின்டர்ஸ் டேல்' நாடகத்தைப் பார்த்த ஒருவர், பார்த்ததைக் குறித்துவைத்தார். பெயர் சைமன் ஃபோர்மன். சோதிடம் பார்ப்பவர், வைத்தியமும் செய்பவர். அந்த நாடகத்துக்கு நமக்குக் கிடைக்கும் முதல் பார்வையாளர் சாட்சி இவர்தான். அரசன் லியோன்டஸ் காரணமில்லாமல் மனைவிமேல் சந்தேகப்பட்டது, பிறந்த குழந்தையை அயல்நாட்டில் கொண்டுபோய் விட்டது, இடையன் எடுத்து வளர்த்த அந்தப் பெண் பதினாறு வயதில் அப்பனிடம் வந்துசேர்ந்தது எல்லாம் அவர் குறிப்பில் உண்டு. ஆனால் கடைசிக் காட்சியில் ஒரு சிலை உயிர்பெற்று இறங்கிவருகிறதே, அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மேடையில் கரடி ஒருவனைத் துரத்துவதைப் பற்றியும் இல்லை. மாறாக, பாட்டுப் பாடி, கந்தலைக் காட்டி, வாய் ஓயாமல் பேசி ஊராரின் பணப்பையை அடிக்கும் ஆட்டோலிகஸ் என்ற எத்தனைப் பற்றி விரிவாக எழுதுகிறார். இந்த மாதிரி வேஷக்காரர்களை நம்பாதே என்று தனக்குத்தானே ஒரு எச்சரிக்கையும் செய்துகொள்கிறார்.

403 ஆண்டுகள் கழித்து, 2014 ஏப்ரல் 10 அன்று, தேம்ஸின் மறுகரையில் கோவென்ட் கார்டனிலுள்ள ராயல் ஆப்பரா ஹவுஸில் அதே நாடகம் மூன்று அங்க பாலேவாக அரங்கேறியது. நடன அமைப்பு கிறிஸ்டோபர் வீல்டன், இசை ஜோபி டால்பட், அரங்கமும் உடைகளும் பாப் குரோலி. ராயல் பாலேயும் கனடா தேசிய பாலேயும் சேர்ந்து தயாரித்தன. அதில் ஆட்டோலிகஸ் இல்லை. ஃபோர்மன் உயிரோடு வந்து பார்த்திருந்தால் பாதி நாடகத்தைக் காணோமே என்றிருப்பார். அவர் எழுதாமல் விட்ட சிலை இருந்தது, கரடியும் இருந்தது. வாயால் பிழைத்தவன் போய்விட்டான், வாய் திறக்காத கல் தங்கிவிட்டது. நாடகத்தை பாலே என்னும் சல்லடையில் போட்டுச் சலித்தால் எது மேலே நிற்கும், எது கீழே விழும் என்பதற்கு இதைவிடச் சுருக்கமான கணக்கு எனக்குத் தெரியாது.

பாலேயால் எதைச் சொல்ல முடியாது என்பதைப் பற்றி நடன அமைப்பாளர் ஜார்ஜ் பாலன்ஷீன் சொன்னதாக ஒரு பேச்சு நடன உலகில் அடிக்கடி அடிபடும்: பாலேயில் மாமியார் கிடையாது. ஒரு பெண் மேடைக்கு வருகிறாள். அவள் இளையவளா மூத்தவளா, கோபக்காரியா சாதுவா என்பதைக் காலும் கையும் சொல்லிவிடும். அவள் இன்னாருடைய கணவனைப் பெற்றவள் என்பதை எந்தக் காலசைவும் சொல்லாது. உறவு, பெயர், நேற்று நடந்தது, அடுத்த வாரம் நடக்கப்போவது, இப்படி நடந்திருந்தால் என்ற கற்பனை எல்லாம் சொல்லின் சொத்து. உடலுக்குத் தெரிந்தது நிகழ்காலம் ஒன்றுதான்.

நமக்கு இது கொஞ்சம் விசித்திரமாகப் படலாம். பரதநாட்டியப் பதத்தில் மாமியாருக்கு இடமுண்டு; வம்பு பேசும் அக்கம்பக்கத்துப் பெண்களுக்கும் உண்டு. பக்கவாட்டில் உட்கார்ந்து பாடகர் சாகித்தியத்தைத் திரும்பத் திரும்பப் பாடுகிறார், நடனமணி அந்த ஒரே வரிக்கு ஏழெட்டு விதமாக சஞ்சாரி செய்கிறார். யார் யாருக்கு என்ன உறவு என்ற பாரத்தைப் பாட்டு சுமந்துகொள்வதால் முகத்துக்கும் கைக்கும் அந்தக் கவலை இல்லை. பாலேயில் அந்தப் பாடகர் இல்லை. அதனால்தான் அங்கே பார்வையாளர் கையில் அச்சிட்ட கதைச்சுருக்கம் கொடுக்கிறார்கள். முன்வாசலில் நிறுத்திவைத்த சொல் கொல்லைப்புறமாக உள்ளே வந்து, இருக்கையில் உட்கார்ந்து, விளக்கு அணையும் முன் அவசரமாகப் படிக்கப்படுகிறது.

நாடகத்தில் சொல் செய்த வேலையை பாலேயில் உடல் செய்கிறது என்று பொதுவாகச் சொல்வார்கள். இதில் பாதிதான் உண்மை. உடல் நாடகத்திலும் இருந்தது. நடிகரின் உடல் நின்ற இடத்தில் ஆடுபவரின் உடல் வந்து நிற்கிறது, அவ்வளவே. சொல் காலிசெய்த வீட்டில் குடியேறுவது இசை. இது அவனுடைய நினைப்பு, இது பொய், இது பழைய ஞாபகம், இவள் இனிமேல் என்ன செய்யப்போகிறாள் என்பதை அவளுக்கு முன்பே தெரிந்துகொள் என்றெல்லாம் நம் காதில் சொல்லிக்கொண்டிருப்பது மேடைக்கு முன்னாலுள்ள பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும் வாத்தியக்காரர்கள்தான். ஆகவே ஒரு நாடகம் நல்ல பாலே ஆகுமா என்ற கேள்விக்கு விடை நடன ஒத்திகை தொடங்குமுன்பே, இசையமைப்பாளரின் மேசையில் பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது.

வீல்டனும் டால்பட்டும் இதற்கு முன் 2011இல் 'ஆலிஸின் அற்புத உலகம்' கதையை முழுநீள பாலேவாகச் செய்திருந்தார்கள். அடுத்து ஷேக்ஸ்பியர் என்று யோசித்தபோது 'வின்டர்ஸ் டேல்' பக்கம் கைகாட்டியவர், அப்போது இங்கிலாந்தின் நேஷனல் தியேட்டரை நடத்திக்கொண்டிருந்த நிக்கலஸ் ஹைட்னர். 'ரோமியோ ஜூலியட்'டைப் போலவோ 'மிட்சம்மர் நைட்ஸ் ட்ரீம்' போலவோ பாலேக்காரர்கள் காலம் காலமாக மிதித்துத் தேய்த்த நிலம் இல்லை இது. முதல் பாதி கொடூரம், இரண்டாம் பாதி திருவிழா, நடுவில் பதினாறு வருடப் பள்ளம். படித்தால் கோணல்மாணலாகத் தெரியும் நாடகம். ஆனால் ஆட்டத்துக்கு இதைவிட வசதியான ஷேக்ஸ்பியர் நாடகம் அதிகம் இல்லை என்றே நினைக்கிறேன். அதன் முக்கியமான கணங்களில் ஷேக்ஸ்பியரே சொல்லைக் கைவிட்டிருக்கிறார் என்பதுதான் காரணம்.

தலைப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். லியோன்டஸின் சின்ன மகன் மமீலியஸ், அம்மாவுக்குக் கதை சொல்ல ஆரம்பிக்கிறான். குளிர்காலத்துக்குச் சோகக் கதைதான் பொருத்தம் என்கிறான். பிறகு மற்றவர்கள் காதில் விழாதபடி அம்மாவின் காதோடு காதாகச் சொல்லத் தொடங்குகிறான். அந்த நேரம் பார்த்து அப்பன் உள்ளே நுழைந்துவிடுகிறான். நாடகத்துக்குப் பெயர் கொடுத்த கதையை நாம் கேட்பதே இல்லை.

பாத்திரங்களைக் கழித்ததில் வீல்டன் தயங்கவில்லை. அரசனின் நம்பிக்கைக்குரிய கமில்லோ போனான். அவன் போனதும் அவனோடு இருந்த ரகசிய உத்தரவுகள், விஷம் வைக்கும் ஏற்பாடு எல்லாம் போயின. நாடகத்தில் லியோன்டஸும் பொஹீமியா அரசன் பொலிக்ஸினிஸும் சிறுவயதுத் தோழர்கள் என்பதை யாரோ இருவர் பேசி நமக்குத் தெரிவிக்கிறார்கள். பாலே இரண்டு சிறுவர்களைக் காட்டி, அவர்கள் கண்முன்னே வளர்ந்து பிரிவதை ஒரு முன்காட்சியாக்கிவிட்டது. நாடகத்தில் இடையன் வளர்த்த மகள் பெர்டிட்டா யார் என்பதற்கு நகையோடு கடிதமும் சாட்சி. மேடையில் ஆடுகிறவள் கடிதத்தைப் படித்துக் காட்ட முடியாது. ஆகவே ஒரு மரகதப் பதக்கம். லியோன்டஸ் மனைவி ஹெர்மயனிக்குப் போட்டது, கைக்குழந்தையோடு கடலைக் கடந்து போனது, பதினாறு வருடம் கழித்து மகள் கழுத்தில் திரும்பி வருவது. கடைசி வரிசையில் உட்கார்ந்தவருக்கும் தெரியும் அளவுக்குப் பெரிய கல். காளிதாசன் சகுந்தலைக்கு மோதிரம் கொடுத்த நாட்டில் இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இந்தத் தச்சுவேலையெல்லாம் கைதேர்ந்த எவரும் செய்துவிடலாம். கடினமான இடம் வேறு. லியோன்டஸுக்கு ஏன் சந்தேகம் வருகிறது?

ஷேக்ஸ்பியரின் ஒத்தெல்லோவுக்குக் காரணம் இருந்தது: கோள்மூட்ட ஒரு இயாகோ, ஒரு கைக்குட்டை. ஹோஸே லிமோன் 1949இல் அதை 'தி மூர்ஸ் பவேன்' என்று நான்கே பேர் ஆடும் சின்ன நடனமாகச் சுருக்கியபோது, பர்செலின் இசையில், அரசவை நடனத்தின் மரியாதையான வட்டத்துக்குள் அந்தக் கைக்குட்டை கைமாறுவதே போதுமானதாக இருந்தது. லியோன்டஸுக்கு இயாகோ கிடையாது. விருந்தினனை இன்னும் சில நாள் தங்கச் சொல்லும்படி மனைவியிடம் அவனே சொல்கிறான். அவள் சொன்னதும் நண்பன் சம்மதிக்கிறான். அங்கேயே இவனுக்குப் பற்றிக்கொள்கிறது. பேச்சு நாடகத்தில் நடிப்பவர்களை நூற்றாண்டுகளாகத் திணறடித்த இடம் இது. வசனம் முறிந்து முறிந்து, இலக்கணம் குழம்பி, பொருளே பிடிபடாமல் போகும். கோப்பையில் சிலந்தி கிடப்பது தெரியாமல் குடித்தவனுக்கு ஒன்றும் ஆவதில்லை, பார்த்துவிட்டவனுக்குத்தான் குமட்டுகிறது என்ற பொருளில் லியோன்டஸ் ஓரிடத்தில் பேசுகிறான்.

வீல்டன் அந்தச் சிலந்தியை எடுத்துக்கொண்டார். ஹெர்மயனி நிறைமாதம். குழந்தை அசைவதைத் தொட்டுப் பார்க்கும்படி கணவன் கையையும் நண்பன் கையையும் தன் வயிற்றில் வைக்கிறாள். மூன்று பேரும் சிரித்துக்கொண்டிருந்த கூட்டத்தில் அந்த ஒரு நொடியில் லியோன்டஸின் உடல் மட்டும் தனியாக விறைக்கிறது. இசை அதே நொடியில் தரையை மாற்றுகிறது. மற்றவர்கள் இருப்பது ஒரு இசையில், இவன் இருப்பது இன்னொன்றில். அவனுடைய கை விரல்கள் விரிந்து, சிலந்தி மாதிரி, அவன் உடம்பின் மீதே ஊர்கின்றன. முதல் அரங்கேற்றத்தில் ஆடிய எட்வர்ட் வாட்ஸன் மூட்டு எதிலும் எலும்பு இல்லாதவர்போல வளையக்கூடியவர். அவருடைய சொந்தக் கை அவருக்கு எதிரியாகிவிட்டதுபோல இருக்கும். காரணம் தேடி நாம் தவிப்பதில்லை. காய்ச்சல் ஏன் வந்தது என்று காய்ச்சலில் கிடப்பவனை யாரும் கேட்பதில்லையே.

அதற்கு அடுத்த காட்சியில் இசையின் வேலை இன்னும் நுணுக்கமானது. லியோன்டஸ் சிலைகளுக்குப் பின்னால் ஒளிந்து மனைவியையும் நண்பனையும் வேவு பார்க்கிறான். நமக்குத் தெரிவது இரண்டு விதமான ஆட்டம்: உண்மையில் அவர்கள் சாதாரணமாக உலவிக்கொண்டிருக்கிறார்கள், இவன் மனதில் அவர்கள் கட்டித் தழுவுகிறார்கள். இரண்டையும் ஆடுவது அதே இரண்டு உடல்கள், அதே உடையில். 'என்று அவன் நினைத்தான்' என்ற மூன்று சொற்கள் எழுத்தாளனுக்குப் போதும். மேடையில் அதை ஒளியமைப்பும் இசையும் சேர்ந்து சொல்ல வேண்டும், ஒவ்வொரு முறையும், தாமதமில்லாமல். ஒளி ஒரு நொடி பிந்தினால், வாத்தியக்காரர்கள் ஒரு அட்சரம் முந்தினால், ஹெர்மயனி நிஜமாகவே தப்பு செய்தவளாகிவிடுவாள். ஒரு பெண்ணின் மானம் இங்கே தாளத்தில் தொங்குகிறது.

இந்தத் தொங்கலைப் புரிந்துகொள்ள, நாடகத்தை பாலே ஆக்கியதில் மிகப் பெரிய வெற்றி என்று எல்லாரும் ஒப்புக்கொள்ளும் படைப்பின் தொடக்கத்துக்குப் போக வேண்டும். புரொகோஃபியெவ் 'ரோமியோ ஜூலியட்' இசையை 1935இல் எழுதினார். அந்த முதல் வடிவத்தில் காதலர்கள் சாகவில்லை. உயிரோடிருப்பவர்களால் ஆட முடியும், சாகக் கிடப்பவர்களால் முடியாது என்பது அவர் பின்னால் சொன்ன காரணங்களில் ஒன்று. அப்புறம் சோக முடிவையும் ஆட முடியும் என்று நடனக்காரர்கள் அவரை ஒப்புக்கொள்ளவைத்தார்கள். மாஸ்கோவின் போல்ஷோய் இந்த இசைக்கு ஆட முடியாது என்று கைவிரித்தது. முதல் மேடையேற்றம் 1938 டிசம்பர் 30 அன்று, செக்கோஸ்லோவாக்கியாவின் பிர்னோ நகரில் நடந்தது. லெனின்கிராடின் கிரோவ் அரங்கில் 1940 ஜனவரி 11 அன்று லியோனித் லவ்ரோவ்ஸ்கியின் அமைப்பில் ஏறியபோதும், அதற்கு இரண்டு வாரத்துக்கு முன்னால் வாத்தியக்காரர்கள் கூட்டம் போட்டு, அவமானம் வேண்டாம், நிகழ்ச்சியையே விட்டுவிடலாம் என்று தீர்மானித்தார்களாம். (அந்தப் பழைய சுப முடிவை 2008இல் அமெரிக்க நடன அமைப்பாளர் மார்க் மோரிஸ் மேடையேற்றிக் காட்டினார். ஒரு ஆவணமாக அது சுவாரசியம்.)

ஜூலியட்டாக ஆடிய கலினா உலானோவா எழுதியிருக்கும் ஒரு சம்பவம் எனக்கு மிகவும் பிடித்தது. மூன்றாம் அங்கத் தொடக்கம். ரோமியோவும் ஜூலியட்டும் படுக்கையில் இருக்கிறார்கள். ஒத்திகையில் இசை ஆரம்பித்தாகிவிட்டது, இவர்கள் அசையவில்லை. ஏன் ஆரம்பிக்கவில்லை என்ற அதட்டல் வந்ததும், எங்களுக்குக் கேட்கவில்லை என்றார்கள். புரொகோஃபியெவுக்குக் கோபம். உங்களுக்கு வேண்டியது இசையில்லை, முரசு என்றார். ஆடுபவர்கள் சண்டை போடவில்லை. நீங்களே மேடைக்கு வந்து உட்கார்ந்து பாருங்கள் என்றார்கள். அவர் வந்தார். அந்தப் படுக்கையில் உட்கார்ந்து காட்சி முழுவதும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். எழுந்து போகும்போது, சரி, மாற்றி எழுதிக் கொண்டுவருகிறேன் என்றார்.

உலகத்தின் மிகச் சிறந்த இசையமைப்பாளர்களில் ஒருவர், தான் எழுதியது எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதை அந்தக் கட்டிலில் உட்கார்ந்துதான் தெரிந்துகொண்டார். அதுவரை அவர் அரங்கத்தின் காதுக்கு எழுதிக்கொண்டிருந்தார். ஆடுபவர் இருப்பது இசையின் முதுகுப்பக்கம்: பள்ளத்திலிருந்து எழும் ஒலி பார்வையாளரை நோக்கிப் போகிறது, மேடையின் உள்பக்கம் போவது மிச்சம்மீதிதான். இப்போது பக்கவாட்டில் ஒலிபெருக்கி வைத்து மேடைக்கு அனுப்புகிறார்கள். அப்போது அதெல்லாம் கிடையாது.

அதே கட்டில் இன்னொரு முறை வரலாற்றில் வருகிறது. 1965 பிப்ரவரியில் கென்னத் மக்மில்லன் ராயல் பாலேவுக்கு இதே இசைக்குத் தன் 'ரோமியோ ஜூலியட்'டை அமைத்தார். ரோமியோ நாடு கடத்தப்பட்டான். பெற்றோர் வேறொருவனைக் கட்டு என்கிறார்கள். ஜூலியட் தனியாக விடப்படுகிறாள். நாடகமென்றால் இங்கே ஒரு நீண்ட வசனம் இருக்கும். பாலேயென்றால் ஒரு தனி ஆட்டம் எதிர்பார்ப்போம். மக்மில்லன் அவளைக் கட்டிலின் விளிம்பில் நம்மைப் பார்த்து உட்காரவைத்துவிட்டார். கைகள் மடியில். ஒரு விரல்கூட அசையாது. இசை மட்டும் எழுந்து, எழுந்து, அரங்கை நிறைக்கிறது. அது அடங்குவதற்குள் அவள் முடிவெடுத்துவிட்டாள் என்பது நமக்குத் தெரிந்துவிடுகிறது. துள்ளி எழுந்து பாதிரியாரிடம் ஓடுகிறாள். சொல்லின் இடத்தில் குடியேறியது உடல்தான் என்று சாதிப்பவர்கள் இந்த இரண்டு நிமிடத்துக்கு விடை சொல்ல வேண்டும்.

ஒலிப்பதிவைப் போட்டு ஆடினால் என்ன குறைந்துவிடும்? பணமில்லாத குழுக்கள் அப்படித்தான் ஆடுகின்றன, அதில் குற்றமில்லை. ஐம்பது அறுபது வாத்தியக்காரர்களுக்குச் சம்பளம் கொடுப்பது லேசான காரியமில்லை. ஆனால் கட்டிலில் உட்கார்ந்திருக்கும் ஜூலியட் எழ வேண்டிய நொடி பதிவில் என்றைக்கோ தீர்மானமாகிவிட்டது. அவள் அதற்காகக் காத்திருக்கிறாள். நேரடி இசையில், இசைநடத்துநர் கோலை உயர்த்தியபடி அவளுடைய தோளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவள் மூச்சிழுப்பது அவருக்குத் தெரியும். நம் நட்டுவனார் ஜதி சொல்லும்போது கண் தாளத்தில் இருக்காது, ஆடுகிற பெண்ணின் பாதத்தில் இருக்கும்; இதுவும் அதே வேலை, கருவி மட்டும் பெரிது. உயரமான ஆண் ஒருவர் துள்ளினால் தரைக்குத் திரும்ப ஒரு கணம் கூடுதலாகும். சுழல் ஆட்டத்தில் வேகமான பெண்ணுக்கு நேற்றைய காலப்பிரமாணம் இன்றைக்கு இழுவையாக இருக்கும். நல்ல நடத்துநர் இதையெல்லாம் இசை நொண்டாதபடி சரிக்கட்டுவார். கேட்கிறவர்களுக்கு அவர் சரிக்கட்டியதே தெரியாது.

புதிதாக எழுதிய இசையென்றால் சிக்கல் இரட்டிப்பு. வாரக்கணக்கில் ஒத்திகை நடப்பது ஒரு பியானோவை வைத்து. பியானோவின் ஒலி தட்டிய உடனே கேட்கும், கூர்மையாக நிற்கும். அதன்மேல் ஆட்டம் உடம்பில் ஏறிவிடுகிறது. கடைசி நாட்களில் முழு வாத்தியக்குழு வந்து உட்காரும்போது, பியானோவில் பளிச்சென்று விழுந்த அடி இப்போது வயலின்களின் மேகத்துக்குள் எங்கேயோ இருக்கிறது. ஆடுபவர்கள் மிரண்டுபோவார்கள். சாய்கோவ்ஸ்கியின் இசையைச் சிறுவயதிலிருந்து கேட்டு வளர்ந்தவர்கள், டால்பட்டின் மாறிக்கொண்டேயிருக்கும் தாளக்கட்டுகளை எண்ணி எண்ணித்தான் பழக வேண்டியிருக்கும். 2014 அரங்கேற்றத்தை நடத்தியவர் கனடா தேசிய பாலேயின் இசை இயக்குநர் டேவிட் பிரிஸ்கின்.

இரண்டாம் அங்கத்தில் டால்பட் வாத்தியக்காரர்களைப் பள்ளத்திலிருந்து மேடைக்கே ஏற்றிவிடுகிறார். பதினாறு வருடம் ஓடிவிட்டது. நாடகத்தில் 'காலம்' என்ற பாத்திரமே வந்து நின்று இதை அறிவிக்கும். பாலேயில் நாம் எழுந்துபோய்க் காப்பி குடித்துவிட்டு வருவதற்குள் அது கழிந்துவிடுகிறது. திரை எழுந்தால் பொஹீமியாவில் பாசி படர்ந்த பிரம்மாண்டமான மரம், கிளையெல்லாம் நேர்த்திக்கடன்போலத் தொங்கும் மணிகளும் தாயத்துகளும். அதனடியில் பான்சுரி ஒலிக்கிறது. நம் இந்துஸ்தானி மூங்கில் குழல். லியோன்டஸின் சிசிலியா அரண்மனையின் இறுகிப்போன மூச்சிலிருந்து வந்தவர்களுக்கு அந்த ஒற்றைக் குழலே புதுக் காற்று. பிறகு மற்ற மேடை வாத்தியங்களும் சேர்ந்துகொள்ள, இடையர்களின் திருவிழா. ஆடுபவர்கள் தாங்கள் ஆடும் இசையைக் கண்ணால் பார்த்துக்கொண்டே ஆடுகிறார்கள். அரண்மனையில் இசை மறைவிடத்திலிருந்து வந்தது. கிராமத்தில் அது கூட உட்கார்ந்திருக்கிறது. இரண்டு நாடுகளின் வித்தியாசத்தை இதைவிட எளிதாகச் சொல்லிவிட முடியாது. நாடகத்திலேயே இந்த இடத்தில் இடையர் நடனமும் பன்னிரண்டு பேர் ஆடும் வனதேவர் நடனமும் உண்டு என்பதால் யாரும் குறைசொல்லவும் முடியாது.

இரண்டு குறை எனக்கு உண்டு. ஒன்று, இந்த அங்கம் நீளம். பெர்டிட்டாவும் அவள் காதலனும் ஆடி, ஊரார் ஆடி, மறுபடி காதலர்கள் ஆடி, கதை ஒரு ஓரமாக உட்கார்ந்து கொட்டாவி விடுகிறது. ஆட்டோலிகஸை எடுத்துவிட்டதால் வந்த வெற்றிடம் இது. திருவிழாவில் ஒரு திருடனாவது இருந்திருக்கலாம். இன்னொன்று, பான்சுரி பிறந்த நாட்டில் இருப்பவனுக்கு வரும் லேசான உறுத்தல். கொஞ்சம் இந்தியா, கொஞ்சம் கிழக்கு ஐரோப்பா என்று கலந்த இந்தப் பொஹீமியா எந்த ஊருமில்லாத ஊர். குழல் அங்கே 'தூரதேசத்து வாசனை' என்ற வேலைக்கு அமர்த்தப்பட்டிருக்கிறது. ஆனால் ஷேக்ஸ்பியரின் பொஹீமியாவுக்கே நியாயமில்லாமல் ஒரு கடற்கரை உண்டு. அவர் இறந்த சில வருடங்களிலேயே சக நாடகாசிரியர் பென் ஜான்சன் அதைக் கிண்டல் செய்தார். கடலைக் கொண்டுவந்தவரின் ஊருக்குக் குழலைக் கொண்டுவந்ததில் பெரிய அத்துமீறல் இல்லைதான்.

நேற்றைக் காட்டுவது எப்படி என்ற கேள்விக்கு வேறொரு விடை ஸ்காட்டிஷ் பாலேயில் கிடைத்தது. டென்னஸி வில்லியம்ஸின் 'எ ஸ்ட்ரீட்கார் நேம்ட் டிசையர்' நாடகத்தில் நாயகி பிளாஞ்ச் வந்து இறங்கும்போதே அவளுக்கு நடந்ததெல்லாம் நடந்து முடிந்துவிட்டது. மூன்று மணி நேரமும் அவள் அதைப் பேசிப் பேசி மறைக்கிறாள், பேசிப் பேசி வெளிப்படுத்துகிறாள். 2012இல் நாடக இயக்குநர் நான்ஸி மெக்லரும் நடன அமைப்பாளர் அனபெல் லோபெஸ் ஓச்சோவாவும் கதையைப் பிரித்து, நடந்த வரிசையிலேயே அடுக்கிவிட்டார்கள். திருமணம், கணவனின் ரகசியம், அவன் தற்கொலை, குடும்ப வீடு சரிவது எல்லாம் முதலில் நம் கண்முன் நடக்கும், பிறகுதான் ரயில். பீட்டர் சேலமின் இசை ஜாஸுக்குள் போயும் வந்தும் பழைய ஞாபகங்களைக் கிளப்பிக்கொண்டேயிருக்கும். தொடக்கத்தில் பிளாஞ்ச் ஒரு வெறும் பல்பை நோக்கி விட்டில்பூச்சி மாதிரி தாவுகிறாள். வில்லியம்ஸ் எழுதிக்கொண்டிருந்தபோது நாடகத்துக்கு யோசித்த பெயர்களில் ஒன்றே 'விட்டில்' என்பதுதான். தெளிவு கிடைத்தது. பிளாஞ்ச் பொய் சொல்கிறாளா என்று சந்தேகப்படும் சுகம் போய்விட்டது.

வீல்டனும் இழந்திருக்கிறார். விசாரணைக் காட்சியில் ஹெர்மயனி தன் பக்கத்தை எடுத்துச் சொல்வது ஆங்கில நாடகத்தில் ஒரு பெண் பேசிய மிக கம்பீரமான பேச்சுகளில் ஒன்று. அதன் பலம் ஆவேசத்தில் இல்லை, நிதானமான வாதத்தில் இருக்கிறது. வாதத்தை ஆட முடியாது. லாரன் கத்பர்ட்ஸன் ஆடியது மன்றாடல். மனதை உருக்கியது, ஆனால் நாடகத்தின் ஹெர்மயனி யாரிடமும் மன்றாடுகிறவளில்லை. ஹெர்மயனிக்காக நிற்கும் அரசவைப் பெண்மணி பவுலினாவின் நாக்கும் போயிற்று. அரசனை முகத்துக்கு நேரே கிழிக்கும் அந்த நாக்கு. ஜெனைடா யானோவ்ஸ்கி தன் நெடிய முதுகாலும் கைகளாலும் அதில் பாதியை மீட்டார். மீட்டதற்கு மேல் ஒன்றும் நடந்தது: நாடகத்தில் சிறுவன் மமீலியஸ் இறந்ததைச் சேவகன் வந்து ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகிறான். பாலேயில் சேவகனுக்கு வாயில்லை. அதனால் பையன் நம் எதிரிலேயே சரிகிறான். அவ்வளவு பார்த்துவிட்ட பின் அவனை மறந்துவிட்டுச் சுப முடிவுக்குப் போவது யாருக்கும் எளிதில்லை.

கடைசி அங்கத்தில் ஷேக்ஸ்பியர் ஒரு வினோதம் செய்திருக்கிறார். அப்பனும் மகளும் சேரும் காட்சியை, முழு நாடகமும் எதற்காகக் காத்திருந்ததோ அதை, மேடையில் காட்டாமல் சில கனவான்களைப் பேசவிட்டுத் தெரிவிக்கிறார். சிலைக் காட்சிக்காகச் சேமிக்கிறார் என்பார்கள். சேமிப்பு வீல்டனுக்கு இல்லை. மரகதம் வெளிப்பட்டு, அடையாளம் தெரிந்து, திருமணமும் நடந்துவிடுகிறது. ஆனால் சிலைக் காட்சிக்கு வரும்போது நாடகமும் பாலேயும் ஏறக்குறைய ஒன்றாகிவிடுகின்றன. நாடகத்தில் பவுலினா இசையைத்தான் கூப்பிடுகிறாள். இசை எழுந்த பின்பே கல் இறங்குகிறது. 1611இலேயே அந்த இடத்தில் வாத்தியக்காரர்கள் தேவைப்பட்டார்கள். இறங்கிவந்த ஹெர்மயனி கணவனைத் தழுவுகிறாள். அவனிடம் ஒரு வார்த்தை பேசுவதில்லை. அவள் பேசுவது மகளிடம் மட்டும். பதினாறு வருடத்துக்குப் பின் மன்னித்தாளா இல்லையா என்பதை ஹெர்மயனியாக நடித்த ஒவ்வொருவரும் தங்கள் தழுவலின் இறுக்கத்தால் சொல்லவேண்டியிருந்தது, நானூறு வருடமாக. கத்பர்ட்ஸனும் வாட்ஸனும் முதல் அங்கத்தில் தாங்கள் ஆடிய அசைவுகளை இங்கே மெதுவாக, இன்னும் அதே உடம்பு இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பதுபோல மறுபடி ஆடுகிறார்கள்.

பாலேயில் சிலைகள் இரண்டு. ஹெர்மயனிக்குப் பக்கத்தில் சின்ன மமீலியஸும் கல்லாக நிற்கிறான். அம்மா அசைகிறாள், இறங்குகிறாள், மகளை அணைக்கிறாள். அவன் அசையவில்லை. குடும்பம் சேர்ந்து போய்விடுகிறது. மேடையில் பவுலினா மட்டும் பின்தங்குகிறாள், யாரும் கேட்காத ஒரு கதையை அம்மாவின் காதில் சொல்லத் தொடங்கியிருந்த அந்தப் பையனின் காலடியில்.